ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கியின் வயதை முத்திரைகளிலிருந்து கண்டறிவது: முழுமையான வழிகாட்டி

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் குழலின் முதுகில் பொறித்திருக்கும் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்தப் பெயர் பல நேரம் விற்ற கடைக்காரருடையதாக இருக்கும். செய்த பட்டறை வேறு ஊரில் இருந்திருக்கும். கடை எந்த ஆண்டு திறந்தது என்று கண்டுபிடித்து, அதையே துப்பாக்கியின் வயதாக எழுதி வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சொல்லப்போவது 1945-க்கு முந்தைய ஜெர்மன் துப்பாக்கிகளைப் பற்றி. குறிப்பாக சூல், செல்லா-மேலிஸ் ஆகிய துரிங்கியா ஊர்களில் உருவானவை. ஐரோப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் புதியவர் கையில் அடிக்கடி சிக்குபவை இவைதான். சோதனைச் சாலைகள் எஃகில் குத்திய முத்திரைகளை அதிகமாகச் சுமப்பவையும் இவையே.

வேலையின் போக்கு இது: ஒவ்வொரு குறியும் ஒரு வேலி போடும். சில குறிகள் "இந்த ஆண்டுக்கு முன் இருக்க முடியாது" என்று சொல்லும், அது கீழ் வேலி; சில "இந்த ஆண்டுக்குப் பின் இருக்க முடியாது" என்று சொல்லும், அது மேல் வேலி. இரண்டு வேலிகளையும் நெருக்கிக்கொண்டே போக வேண்டும். உறுதியான குறி முதலில், பலவீனமான குறி கடைசியில். பெயர் கடைசிக்கும் கடைசி.

1. முதலில், காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்

நூறு வயதுத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கலாம். டிரில்லிங் என்றால் மூன்று குழல்கள்: மேலே ரவைக்கு (சிறு ஈயக் குண்டுகளுக்கு) இரண்டு, கீழே ரைஃபிள் குழல் ஒன்று. மேலிரண்டைப் பார்த்துவிட்டுக் கீழ்க்குழலை மறப்பது புதியவர் வழக்கம். ரவைக் குழலுக்குள் சிறிய ரைஃபிள் குழல் ஒன்றைச் செருகி வைத்திருப்பதும் உண்டு; அதையும் பாருங்கள். குழலின் உள்ளே வெளிச்சம் மறுமுனை வரை போகிறதா என்று கண்ணால் கண்ட பிறகே அடுத்த வேலை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பழசுதானே, உரிமம் எதற்கு" என்ற நினைப்பு வேண்டாம். உலோகத் தோட்டா போடும் 1920-களின் டிரில்லிங்குக்கு ஜெர்மனியில் இன்றும் உரிமம் கட்டாயம். மற்ற நாடுகளில் விதி வேறு. கையில் எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. தேவையான பொருட்கள்

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ், சிறிய டார்ச் விளக்கு, மென்மையான பல் துலக்கி, மெல்லிய இயந்திர எண்ணெய், பருத்தித் துணி, மெல்லிய காகிதம், மிருதுவான பென்சில், வெர்னியர் காலிப்பர், நோட்டுப்புத்தகம், கேமரா. இவ்வளவு போதும்.

பக்கத்திலேயே இருக்கக் கூடாதவை: உப்புத்தாள், எஃகுக் கம்பளி, கம்பித் துலக்கி, துருநீக்கும் அமிலம். முத்திரைகளின் ஆழம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். ஒரு மாலை நேரத்து உற்சாகத்தில் பளபளப்பாக்கினால், ஆண்டைச் சொல்லும் ஒரே எண்ணும் அதோடு போய்விடும். அப்படிப் போன ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். கண்ணாடி போல மின்னியது. படிக்க ஒன்றுமில்லை.

3. முத்திரைகள் ஒளிந்திருக்கும் இடத்துக்குப் போவது

மடிக்கும் வகைத் துப்பாக்கியில் முத்திரைகள் வெளியே தெரியாது. குழல்களின் அடியில் இருக்கும் மர முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மடித்து, குழல் தொகுதியை எடுத்துவிடுங்கள். தோட்டா நுழையும் முனைக்கு அடியில் தட்டையான எஃகுப் பரப்பு தெரியும். ஏறக்குறைய எல்லாமே அங்கேதான் குவிந்திருக்கும். அந்தப் பரப்பு வந்து அமரும் பூட்டுப் பகுதியின் மேல்தட்டையும் பாருங்கள்.

மவுசர் போன்ற, தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும் ரைஃபிளில், குழலும் பூட்டுப் பகுதியும் சேரும் வளையத்தின் மேலும் இடப்பக்கத்திலும் முத்திரைகள் இருக்கும். சில, மரக்கட்டையின் விளிம்புக்குக் கீழே மறைந்திருக்கும். அவற்றைப் பார்க்கக் கட்டையைப் பிரிக்க வேண்டும். திருகாணியின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி கையில் இல்லையென்றால் அந்த வேலையில் இறங்காதீர்கள். பக்கப் பூட்டுகளை, விசையின் உள்பாகங்களைப் பிரிக்கவே வேண்டாம். வயதைச் சொல்லும் எதுவும் அங்கே இருப்பது அபூர்வம்.

4. படிப்பது

எண்ணெயைத் துளி விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் துலக்கியால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். பள்ளத்தில் உறைந்த பழைய கொழுப்பு கழன்றுவரும்.

விளக்கை நேராக அடித்தால் எஃகு மினுங்கும், எழுத்து மறையும். பரப்போடு படுக்கவைத்தாற்போல பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். விளக்கை மெல்லச் சுற்றிவந்து நான்கு திசையிலும் படம் எடுங்கள். ஒரு திசையில் தெரியாத கோடு மறு திசையில் தெரியும். அதன் பிறகும் சந்தேகம் என்றால் காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள்.

முத்திரைகள் ஒரே திசையில் அடிக்கப்பட்டிருக்காது. பல முத்திரைகளில் கிரீடம் ஒன்று இருக்கும்; அதன் முனை எந்தப் பக்கமோ அதுவே அந்த முத்திரைக்கு மேல்பக்கம். இதைக் கவனிக்காமல் 6-ஐ 9 என்றும், படுத்திருக்கும் N எழுத்தை Z என்றும் படித்துவிடுவார்கள். இந்தக் கட்டத்தில் பொருள் தேடாதீர்கள். கண்டதை, கண்ட இடத்தோடு, படமாக வரைந்துகொள்ளுங்கள். பொருள் தேடத் தொடங்கிவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

5. பாகங்கள் ஒன்றுக்கொன்று சொந்தமா?

தொடர் எண் பொதுவாகக் குழல், பூட்டுப் பகுதி, முன்கட்டையின் இரும்பு ஆகிய மூன்றிலும் இருக்கும். மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் குழல் மாற்றப்பட்டிருக்கலாம். அப்போது முத்திரைகள் குழலின் வயதை மட்டுமே சொல்லும்.

தொடர் எண் இதற்குத்தான் பயன்படும். அதிலிருந்தே ஆண்டைப் பிடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண். ஒவ்வொரு பட்டறையும் தன் போக்கில் எண் போட்டது.

6. எந்த நாட்டு முத்திரை?

கிரீடம் கண்டவுடன் ஜெர்மன் என்று முடிவு கட்டாதீர்கள். ஐரோப்பாவில் கிரீடத்துக்குப் பஞ்சமே இல்லை.

முட்டை வடிவ வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அந்த முட்டையின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பின். இல்லையென்றால் அதற்கு முன். அங்கே சோதனை அதிகாரியின் எழுத்தின் மேலும் ஒரு சின்னம் உண்டு: கிரீடம் என்றால் 1877-க்கு முன், நட்சத்திரம் என்றால் அதற்குப் பின். கிரீடத்தின் கீழ் பி.பி. (BP), பி.வி. (BV) அல்லது என்.பி. (NP) என்றால் இங்கிலாந்தின் பர்மிங்காம்.

குழப்பம் மிகுந்தது கிரீடத்தின் கீழ் வி எழுத்து. லண்டனில் அது பார்வையிட்ட முத்திரை. பக்கத்தில் ஜி, பி (G, P) எழுத்துகள் பின்னிய இன்னொரு முத்திரை இருக்கும். ஜெர்மனியில் அதற்கு முற்றிலும் வேறு பொருள். அடுத்த பகுதியில் வருகிறது. ஆகவே ஒரு முத்திரையை வைத்து நாட்டை முடிவு செய்யாமல், கூட்டமாகப் பாருங்கள். இங்கிலாந்தில் விற்கப்பட்ட ஜெர்மன் துப்பாக்கி இரு நாட்டு முத்திரைகளையும் சுமந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. கிரீடமா, கழுகா?

துப்பாக்கிக் குழலை அளவுக்கு மீறிய வெடிமருந்தால் வெடித்துப் பார்த்து, உடையாதவற்றுக்கு முத்திரை குத்துவதே சோதனைச் சாலையின் வேலை. ஜெர்மனியில் இதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1891 மே மாதம் பிறந்தது; 1893 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் முத்திரை மாறியது. நமக்கு வேலி கிடைப்பது இப்படித்தான்.

1893 முதல் 1940 வரை கிரீடத்தின் ஆட்சி. கிரீடத்தின் கீழ் இருக்கும் எழுத்து, குழலின் தன்மையைச் சொல்லும்:

யு: பார்வையிடப்பட்டது. ஜி: உள்ளே சுழல்வரி வெட்டிய ரைஃபிள் குழல். எஸ்: ரவைக் குழல். டபிள்யூ: முனை குறுக்கிய ரவைக் குழல். என் (N): புகையில்லா மருந்தால் சோதித்தது. ஆர்: பழுது பார்த்தபின் மறுபடி சோதித்தது. வி: சட்டம் வந்தபோதே கையிருப்பில் இருந்தது.

இந்த வரிசையில் வயதுக்கு முக்கியமானவை மூன்று. வி இருந்தால் துப்பாக்கி 1893-க்கு முன் உருவானது. இதைவிடத் தெளிவான மேல் வேலி கிடைக்காது. என் இருந்தால் சுமார் 1912-க்குப் பின். ஆர் இருந்தால் எச்சரிக்கை: பக்கத்தில் உள்ள தேதி பிறந்த தேதியாக இல்லாமல் பழுது பார்த்த தேதியாக இருக்கலாம்.

1939 ஜூன் மாதம் புதிய சட்டம் வந்தது. 1940 ஏப்ரல் 1 முதல் கிரீடம் போய்க் கழுகு வந்தது. கழுகின் கீழ் என் எழுத்து இருந்தால் 1940-க்குப் பின்.

புதியவர் விழும் பள்ளம் இங்கே இருக்கிறது. 1891 சட்டத்தின் முத்திரைகளிலும் ஒரு கழுகு உண்டு. அது எழுத்து இல்லாமல் தனியாக நிற்கும். அருகில் கிரீடங்கள் இருக்கும். "கழுகு இருக்கிறது, ஆகவே போர்க்காலம்" என்று ஒருவர் கொண்டுவந்த ரைஃபிள் 1912-க்கும் முந்தையதாக இருந்தது. எழுத்தைத் தாங்கிய கழுகு மட்டுமே 1940-ஐக் காட்டும். அதுவும் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் தொடர்ந்தது. பக்கத்தில் உல்ம் நகரின் மான்கொம்பு போன்ற சோதனைச் சாலைச் சின்னம் இருந்தால் அது போருக்குப் பிந்தையது.

முத்திரையே இல்லையென்றால் 1893-க்கு முந்தையதாக இருக்கலாம். உடனே மகிழ வேண்டாம். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, பரப்பு அலையாக இருக்கிறதா என்று பாருங்கள், யாராவது தேய்த்திருக்கலாம்.

8. எண்களைப் பிரிப்பது

பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இது. ஒரே பரப்பில் நான்கைந்து வகை எண்கள் கிடக்கும். எது எது என்று பிரிக்காமல் ஆண்டைத் தேடினால், தேடுபவருக்கு ஏதோ ஓர் ஆண்டு கிடைக்கத்தான் செய்யும்.

வட்டத்துக்குள் இருக்கும் 12, 16, 20 ஆகியவை ரவைக் குழலின் விட்ட எண்கள். 16-ஐ 1916 என்று படிப்பவர்களுக்கு அளவே இல்லை. பக்கத்தில் வரும் 65 அல்லது 70 என்பது தோட்டா அறையின் நீளம், மில்லிமீட்டரில்.

அடுத்து, 118,35 அல்லது 172,28 போல விசித்திரமான தசம எண் (ஜெர்மன் வழக்கில் காற்புள்ளியே தசமப் புள்ளி). இதைத் தொடர் எண் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் இதுவும் ரைஃபிள் குழலின் விட்டமே, பழைய முறையில். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவான 118,35 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் என்னவோ, அதுதான் குழலின் விட்டம். கணக்கு எளிது: எண்ணின் கனமூலத்தால் 1.67-ஐ வகுத்தால் அங்குலம் வரும். 118,35-இன் கனமூலம் 4.91, விடை 0.34 அங்குலம், அதாவது 8.64 மி.மீ. 172,28-க்கு 0.30 அங்குலம், 7.62 மி.மீ.

இந்த அளவுகள் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குப் படிகளில் செல்கின்றன. ஆகவே 118,35 என்றால் குழல் 8.64-க்கும் அடுத்த படியான 8.89-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். காலிப்பரில் 8.7 காட்டினால் "முத்திரை பொய்" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்த எண் நமக்குக் கிடைத்த பொக்கிஷம். 1912-ஐ ஒட்டி இந்த முறையைக் கைவிட்டு நேரடியாக மில்லிமீட்டருக்கு மாறினார்கள். எனவே தசம உருண்டை எண் இருந்தால் 1893 முதல் ஏறக்குறைய 1912 வரை. இரண்டு வேலியும் ஒரே அடியில் விழுந்துவிடுகிறது. அந்தக் காலக் குழல்களில் மருந்தின் எடையும் குண்டின் வகையும்கூடப் பொறித்திருக்கும்: ஜி.பி.பி. (GBP) என்பது ரைஃபிள் மருந்தின் பெயர், எஸ்டி.எம்.ஜி. (StmG) என்பது எஃகு உறையிட்ட குண்டு.

மாற்றத்துக்குப் பிறகு 8,7 – 72 அல்லது 7,8 – 57 என்று இருக்கும். முதல் எண் குழலின் விட்டம், இரண்டாவது தோட்டாக் கூட்டின் நீளம். இதில் 7,8-ஐ 1908 ஜூலை என்று படித்து, அதற்கு ஏற்ற குடும்பக் கதை ஒன்றையும் சொன்னவர் உண்டு.

கடைசியாக, உண்மையான தேதி. 12.28 அல்லது புள்ளியே இல்லாமல் 1228. முதலில் மாதம், பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள்: 1928 டிசம்பர். 1920, 30-களின் சூல், செல்லா-மேலிஸ் குழல்களில் இது பெரும்பாலும் கிடைக்கும். எழுத்து சிறியதாக, மற்ற முத்திரைகளிலிருந்து சற்று விலகி இருக்கும். மாதம் 12-ஐத் தாண்டாது. 1728 என்று இருந்தால் அது தேதியே அல்ல. இரண்டு தேதிகள் இருந்தால் ஆர் முத்திரையைத் தேடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மாமனார் வழியாக வந்த டிரில்லிங்கை இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தோம். வட்டத்துக்குள் 16 இருந்ததால் 1916, முதல் போரில் செய்தது என்று அவர் நம்பியிருந்தார். தொடர் எண் 1125 என்றார். துடைத்துவிட்டு விளக்கைச் சாய்த்தேன். ரவைக் குழல்களில் கிரீடத்தின் கீழ் எஸ், டபிள்யூ, கீழ்க்குழலில் ஜி, மூன்றிலும் என். அதனருகே 8,7, பிறகு 72. மில்லிமீட்டர் இருந்ததால் கீழ் வேலி 1912. பூட்டுப் பகுதியிலும் முன்கட்டை இரும்பிலும் ஐந்து இலக்கத் தொடர் எண் வேறாக இருந்தது; அதே எண் குழலிலும் இருந்தது. அப்படியானால் 1125 என்ன? 1925 நவம்பர். அவர் முகம் கொஞ்சம் வாடியது. போரோடு சேர்த்துச் சொல்லிவந்த கதைகள் பல அந்த 16-ஐ நம்பி இருந்தன.

9. ஊரும் காப்புரிமையும்

சோதனைத் தேதி கிடைத்தாலும் இந்தப் படியை விடாதீர்கள். ஒன்றையொன்று ஆதரிக்காத இரண்டு குறிகள் இருந்தால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம்.

செல்லா-மேலிஸ் 1919 வரை ஓர் ஊர் அல்ல. செல்லா சங்க்ட் பிளாசி, மேலிஸ் என்று இரண்டு ஊர்கள். ஆகவே முகவரியில் இணைப்புக் கோட்டோடு செல்லா-மேலிஸ் என்று இருந்தால் 1919-க்குப் பின். தனித்தனிப் பெயர் இருந்தால் அதற்கு முன். மேற்சொன்ன டிரில்லிங்கின் குழல் முதுகில் செல்லா-மேலிஸ் என்று முழுதாக இருந்தது. முத்திரைகள் எதையும் படிக்கத் தெரியாவிட்டாலும் 1916 அங்கேயே விழுந்திருக்கும்.

டி.ஆர்.பி. (DRP) என்றால் ஜெர்மன் பேரரசின் காப்புரிமை, 1877-க்குப் பின். டி.ஆர்.ஜி.எம். என்றால் சிறு வடிவமைப்புப் பதிவு, 1891-க்குப் பின். இவை 1945 வரை நீளுவதால் கீழ் வேலியாகவே உதவும். எண்ணும் சேர்ந்திருந்தால் அந்தக் காப்புரிமை எப்போது கிடைத்தது என்று தேடலாம். ஆனால் காப்புரிமை ஆண்டு துப்பாக்கியின் ஆண்டு அல்ல. ஒரு பூட்டு வடிவம் இருபது, முப்பது ஆண்டுகள் விற்றுக்கொண்டே இருக்கும்.

பின்னிய மூன்று வளையங்கள் க்ரூப் நிறுவனத்தின் சின்னம். எஃகு க்ரூப்புடையது, துப்பாக்கி அல்ல. "க்ரூப் தயாரித்த துப்பாக்கி" என்ற விளம்பரத்தை எங்கே கண்டாலும் எழுதியவர் குழலைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

10. தோட்டா தரும் வேலி

தோட்டா பிறக்கும் முன் அதற்கான துப்பாக்கி பிறக்காது. தோட்டாப் பெயரில் முதல் எண் விட்டம், அடுத்தது கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். 8×57 என்றால் 1888-க்குப் பின், 6.5×54 மான்லிகர்-ஷோனவர் என்றால் 1903-க்குப் பின், 9.3×62 என்றால் 1905-க்குப் பின், 7×64 என்றால் 1917-க்குப் பின்.

இதில் ஒரு பொறி உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் 8×57 குழல்கள் பலவற்றின் தோட்டா அறையை நீட்டி 8×60 ஆக்கினார்கள். அறையை அளந்து 1920-கள் என்று சொல்வீர்கள். குழல் 1908-இல் செய்ததாக இருக்கும். எனவே அறையின் அளவு முத்திரையோடு ஒத்துப்போகாவிட்டால் முத்திரையை நம்புங்கள்.

மவுசர் ரைஃபிளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பூட்டுப் பகுதியின் மேல் 1916 என்று பெரிதாக ஆண்டு பொறித்திருந்தால் அது படைத்துறைக்காக அந்தப் பாகம் செய்யப்பட்ட ஆண்டு. போர் முடிந்து மிஞ்சியவற்றில் புதிய குழல் பொருத்தி வேட்டை ரைஃபிளாக விற்றார்கள். குழலில் உள்ள சோதனைத் தேதிதான் அந்த ரைஃபிளின் வயது.

11. பெயரும் அலங்காரமும்

இப்போது பெயரைத் தேடலாம். உங்களிடம் இரண்டு வேலிகள் இருப்பதால் அந்தக் கடை அந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இருந்ததா என்ற ஒரே கேள்விதான் மிச்சம். செதுக்கு வேலைப்பாட்டை வைத்து, மானும் ஓக் இலையும் எந்தப் பத்தாண்டின் பாணி என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அதில் இறங்குவதில்லை. அதே மானை அப்பாவும் செதுக்கினார், மகனும் செதுக்கினார்.

12. எழுதி வைப்பது

முடிவை ஓர் ஆண்டாக மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குறியிலிருந்து அந்த ஆண்டு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சோதனை நடந்த நாளும் துப்பாக்கி முடிந்த நாளும் ஒன்றல்ல. மெருகும் மரவேலையும் முடியாத நிலையிலேயே குழல் சோதனைக்குப் போகும். திரும்பி வந்து மாதக்கணக்கில் பட்டறையில் கிடக்கும், பிறகு கடையில் கிடக்கும். எனவே "1925-இல் விற்றது" என்பது நமக்குத் தெரியாத செய்தி.

பக்கத்து வீட்டு டிரில்லிங்குக்கு நோட்டில் எழுதியது இதுதான்: "குழல் சோதனை நவம்பர் 1925 (1125, அடித்தட்டு, இடப்பக்கம்). கிரீடம்–என், மி.மீ. அளவு: 1912–1940. முகவரி செல்லா-மேலிஸ்: 1919-க்குப் பின். தொடர் எண் மூன்று பாகங்களிலும் ஒன்று. ஆர் முத்திரை இல்லை." அவர் அதைப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "16 என்பது ஆண்டு அல்ல."